கழுத்துக் கொழுப்பை அகற்றும் அறுவை: முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

தாடையின் கீழே திரண்டு தொங்கும் கொழுப்பை அகற்றிக்கொள்ள விரும்பி எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் பலதரப்பட்டவர்கள். திருமண நாளை எதிர்நோக்கும் இளைஞர்கள் வருகிறார்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியைகள் வருகிறார்கள். பெருமுயற்சியுடன் எடையைக் குறைத்த பின்னும் முகம் மட்டும் பழைய பருமனையே காட்டுகிறதே என்று வருந்தும் நடுவயதினரும் வருகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் முதலில் கேட்பது, எத்தனை நாள் விடுப்பு எடுக்க வேண்டும் என்பது. அடுத்துக் கேட்பது, எவ்வளவு செலவாகும் என்பது. 'என் கழுத்தில் இருப்பது கொழுப்புதானா?' என்று கேட்போர் மிக அரியர். முதல் சந்திப்பின் பெரும்பகுதியை நாங்கள் செலவிடுவதோ அந்தக் கேள்விக்கு விடை காண்பதில்தான்.

உடன் வரும் குடும்பத்தினர் சிலர், 'இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?' என்று எங்கள் முன்னிலையிலேயே கடிந்துகொள்வதுண்டு. அவ்விருப்பத்தைப் பகட்டென்று ஒதுக்குவது எங்கள் வழக்கமன்று. தன் தோற்றம் குறித்த மனக்குறை ஒருவரைக் கூட்டங்களிலிருந்தும் ஒளிப்படங்களிலிருந்தும் விலகி நிற்கச் செய்வதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். எனினும் ஒன்றை மறத்தலாகாது. குடல்வால் அழற்சிக்கு அறுவை செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து. கழுத்துக் கொழுப்பை அப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றும் நேர்வதில்லை. நலமாக இருக்கும் உடலில் கத்தி வைக்கும்போது, அதனால் வரக்கூடிய தீங்கை எடைபோடும் தராசு இன்னும் நுட்பமானதாக இருக்க வேண்டும்.

கழுத்தின் அடுக்குகள்

கழுத்தின் முன்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல அடுக்குகளால் ஆனது. மேலே தோல், அதன் அடியில் கொழுப்பு, அதற்கும் அடியில் பிளாட்டிஸ்மா எனப்படும் மெல்லிய தசை. மார்பின் மேற்பகுதியிலிருந்து கீழ்த்தாடையின் விளிம்பு வரை, ஒரு மெல்லிய துணியை விரித்தாற்போல் இத்தசை இருபுறமும் பரந்திருக்கிறது. இந்தத் தசைக்கு அடியிலும் ஓரளவு கொழுப்பு உண்டு. அதற்கு அப்பால் கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பிகளும், நாக்கைத் தாங்கும் நாவடி எலும்பும், அதனோடு பிணைந்த சிறு தசைகளும் இருக்கின்றன.

கழுத்து பருத்துத் தோன்றுவதற்கு இவ்வடுக்குகளில் எது வேண்டுமானாலும் காரணமாகலாம். இளையவர் ஒருவருக்கு மேலடுக்குக் கொழுப்பு மட்டும் மிகுந்திருக்கும். அறுபதைக் கடந்தவருக்குக் கொழுப்பு சிறிதளவே இருந்தும் தோல் தளர்ந்து தொங்கும். பிளாட்டிஸ்மாவின் இரு விளிம்புகளும் தாடைக்குக் கீழே பிரிந்து, கயிறு போல இரண்டு வரிகளாகப் புடைத்து நிற்கும். இன்னொருவருக்கு உமிழ்நீர்ச் சுரப்பி கீழிறங்கியிருக்கும். வேறொருவருக்குப் பிறவியிலேயே கீழ்த்தாடை சிறுத்தோ நாவடி எலும்பு தாழ்ந்தோ அமைந்திருக்கும். 'எங்கள் அப்பாவின் கழுத்தும் இப்படித்தான்' என்று சிலர் சொல்வது வெறும் பேச்சன்று. அந்த எலும்பமைப்பு வழிவழியாக வருவது. தாடையின் அடிக்கோடும் கழுத்தின் முன்கோடும் சந்திக்கும் கோணம் 105 முதல் 120 பாகைக்குள் அமைவதே இளமையான கழுத்தின் இலக்கணம் என்று அழகியல் அறுவை நூல்கள் கூறும். நாவடி எலும்பு தாழ்ந்திருப்பவருக்கு எவ்வளவு கொழுப்பை எடுத்தாலும் அக்கோணம் வாய்ப்பது கடினம். அவரிடம் அதை முன்னரே சொல்லிவிடுவது எங்கள் கடமை.

மேலடுக்குக் கொழுப்பையும் ஆழ்ந்த கொழுப்பையும் பிரித்தறிய நாங்கள் செய்யும் சோதனை மிக எளியது. தாடைக்குக் கீழுள்ள மடிப்பை இரு விரல்களால் பற்றிக்கொண்டு, கீழுதட்டை இறுக்கி இழுத்துக் கழுத்தை விறைப்பாக்கச் சொல்கிறோம். அப்போது பிளாட்டிஸ்மா சுருங்கி, இரு கொழுப்புகளுக்கும் இடையே திரையாக நிற்கும். அதன் பின்னும் விரல்களுக்குள் பிடிபடுவது மேலடுக்குக் கொழுப்பு. நழுவிப் போவது ஆழத்தில் இருப்பது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

கொழுப்பல்லாதவை

தாடைக் கொழுப்பு என்று எண்ணி வருவோரிடம் வேறு நோய்கள் வெளிப்படுவதும் உண்டு. விழுங்கும்போது மேலும் கீழும் அசையும் வீக்கம் தைராய்டைச் சேர்ந்ததாக இருக்கலாம். நாக்கை நீட்டும்போது மேலேறும் கட்டி, பிறவியிலேயே எஞ்சிய ஒரு நீர்க்கட்டியாக இருக்கலாம். ஒருபுறம் மட்டும் தோன்றியது, கல்போல் இறுகியது, வாரந்தோறும் வளர்வது, உணவு உண்ணும் வேளையில் வீங்கி வலிப்பது ஆகிய எதுவும் அழகியல் அறுவைக்கு உரியதன்று. அவற்றுக்கு ஸ்கேனும், தேவையெனில் ஊசிவழித் திசுச் சோதனையும் முதலில் வேண்டும்.

ஸ்டீராய்டு மருந்துகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. உடல் தேறுவதற்கென்றும் மூட்டுவலி தீர்வதற்கென்றும் மருத்துவர் சீட்டின்றி மாதக்கணக்கில் மாத்திரை உட்கொள்வோர் நம்மிடையே உண்டு. அம்மாத்திரைகளுள் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருந்தால் முகம் உருண்டு, தாடைக்குக் கீழும் பிடரியிலும் கொழுப்பு திரளும், கைகால்களோ மெலியும். உடலே கார்ட்டிசோலை மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயிலும் இதே தோற்றம் உண்டாகும். அத்தகையவருக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பதால் பயனில்லை. காரணம் நீங்கினால்தான் தோற்றம் மாறும். இவ்வாறு மாத்திரை உண்போர் இதைப் படித்தவுடன் தாமாகவே நிறுத்திவிடவும் கூடாது. நெடுநாள் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

அரிதான இன்னொரு நோயும் குறிப்பிடத்தக்கது. கழுத்தைச் சுற்றிலும் பிடரியிலும் தோள்களிலும் கொழுப்பு சமச்சீராகத் திரண்டு, கழுத்தே மறையுமளவு பெருகும் நிலை அது. இங்கிலாந்தின் பெஞ்சமின் பிராடி 1846-இல் இத்தகைய நோயாளியைப் பதிவு செய்தார். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஓட்டோ மாடலுங் 1888-இல் 33 பேரைத் தொகுத்து விவரித்ததால் இந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. பெரும்பாலும் நெடுங்காலம் மிகுதியாக மது அருந்திய நடுவயது ஆண்களிடம் இது காணப்படுகிறது. இக்கொழுப்புக்கு உறை இல்லாமையால் தசைகளுக்கும் இரத்தக் குழாய்களுக்கும் இடையே வேர்விட்டதுபோல் பரவியிருக்கும். அறுவை செய்தாலும் மீண்டும் வளரும் இயல்புடையது. மது தொடர்ந்தால் அறுவையின் பயன் இன்னும் குறையும்.

கழுத்து மடிப்புகளில் தோல் கறுத்து, வெல்வெட் துணி போலத் தடித்திருப்பதை அழுக்கு என்று எண்ணித் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருவோரும் உளர். இது பெரும்பாலும் இன்சுலின் சரிவரச் செயல்படாமையின் அடையாளம். கொழுப்பு அறுவையால் இக்கருமை மறையாது. இவர்களுக்கு நாங்கள் முதலில் எழுதித் தருவது சர்க்கரைச் சோதனைக்கான சீட்டு.

எந்தக் கழுத்துக்கு எந்த அறுவை

1920-களில் பாரிஸ் நகரில் நடனக் கலைஞர் ஒருவரின் கால்களை ஒல்லியாக்குவதற்காக, கருப்பையைச் சுரண்டும் கருவியைக் கொண்டு கொழுப்பைச் சுரண்டி எடுக்க முயன்றார்கள். இரத்தக் குழாய் சேதமுற்று, முடிவில் அந்தக் காலையே துண்டிக்க நேர்ந்தது. அதன்பின் நெடுங்காலம் இத்துறையில் இறங்கப் பலர் அஞ்சினர். 1970-களின் நடுவில் இத்தாலியின் ஃபிஷர் என்னும் தந்தையும் மகனும் குழல்வழி உறிஞ்சும் முறையைத் தொடங்கிவைத்தனர். அவர்களை அடுத்துப் பாரிஸின் இவ் ஜெரார் இலூஸ் நுனி மழுங்கிய குழலைக் கையாண்டார். நரம்பையும் இரத்தக் குழாயையும் அறுக்காமல் அவற்றினிடையே வழுக்கிச் செல்லும் அம்மழுங்கிய நுனியே இம்முறைக்குப் பாதுகாப்பைத் தந்தது. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1987-இல் வெளியிட்ட முறை அடுத்த படி. மரத்துப்போகச் செய்யும் மருந்தையும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினையும் உப்புநீரில் மிக நீர்க்கக் கலந்து, கொழுப்பு விறைக்கும் வரை செலுத்திய பின் உறிஞ்சுவதே அது. இரத்த இழப்பு இதனால் வெகுவாகக் குறைந்தது.

தோல் இன்னும் மீள்தன்மையோடு இருந்து, மேலடுக்குக் கொழுப்பு மட்டும் மிகுந்தவருக்கு இந்த லைப்போசக்ஷன் நல்ல பலன் தரும். தாடைக்கு அடியிலும் காதுமடலின் பின்னும் சில மில்லிமீட்டர் அளவே கீறி, மெல்லிய குழலைச் செலுத்துகிறோம். வெளிவரும் கொழுப்பு பெரும்பாலும் ஒரு தேநீர்க் குவளையைக்கூட நிரப்பாது. 'இவ்வளவுதானா?' என்று கேட்டவர்கள் உண்டு. ஆயினும் முகத்தின் கீழ்க்கோட்டில் அவ்வளவே பெரிய மாறுதலைக் காட்டும். இங்கே மிகையாக எடுப்பது, குறைவாக எடுப்பதைவிடக் கேடானது. நடுவில் கொழுப்பு முழுவதையும் வழித்தெடுத்துவிட்டால் தோல் தசையோடு ஒட்டிக்கொண்டு அவ்விடம் குழிந்துபோகும். இருபுறமும் தசை வரிகள் புடைத்து, படமெடுத்த நாகத்தின் கழுத்தைப் போலக் காட்சியளிக்கும். மருத்துவ நூல்களிலும் அதற்கு நாகத்தின் பெயரே வழங்குகிறது. அதைச் சீர்செய்வது முதல் அறுவையைக் காட்டிலும் கடினம்.

தசை விளிம்புகள் பிரிந்திருந்தாலோ ஆழ்ந்த கொழுப்பு மிகுந்திருந்தாலோ, தாடைக்கு அடியில் சற்றே நீண்ட கீறல் இட்டுத் தசையின் இரு விளிம்புகளையும் நடுவில் சேர்த்துத் தைக்க வேண்டும். தோலும் மிகுந்து தொங்கினால் காதைச் சுற்றிக் கீறி, தளர்ந்த தோலை மேலிழுத்து மிகுதியை வெட்டி நீக்கும் முழுக் கழுத்தேற்ற அறுவை தேவைப்படும். மூன்றும் ஒரே பெயரால் பேசப்பட்டாலும் கீறலின் நீளம், மயக்க மருந்தின் தன்மை, குணமாகும் காலம், செலவு ஆகிய அனைத்திலும் வேறுபட்டவை. பக்கத்து வீட்டுப் பெண்மணி மறுநாளே வீடு திரும்பிச் சமைத்தார் என்பதால் உங்களுக்கும் அப்படியே அமையும் என்று கொள்ளாதீர்கள்.

ஊசியால் கரைக்க முடியாதா என்ற கேள்வியும் எழுகிறது. டிஆக்ஸிகோலிக் அமிலம் என்னும் மருந்து, நம் பித்தநீரில் இயல்பாக உள்ள ஒரு பொருளே. தாடைக்கீழ்க் கொழுப்புக்கென 2015-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது. குறைந்தது ஒரு மாத இடைவெளியில் 6 அமர்வுகள் வரை தேவைப்படலாம். ஒவ்வொரு முறையும் பல நாள் வீக்கம் இருக்கும். கொழுப்பணுவை அழிக்கும் மருந்து, தவறான ஆழத்தில் சென்றால் நரம்பையும் தோலையும் விட்டுவைக்காது. அழகு நிலையங்களில் பெயர் எழுதப்படாத குப்பியிலிருந்து போடப்படும் 'கொழுப்பு கரைக்கும் ஊசி'யை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. குப்பியில் என்ன இருக்கிறது என்று போடுபவருக்கே தெரியாத நிலையில், பின்னர் சீழ்க்கட்டியோடு வருபவருக்குச் சிகிச்சை செய்வதும் இருளில் தடவுவதாகவே இருக்கும். எங்கு செய்துகொள்வதாயினும், செய்பவர் பிளாஸ்டிக் அறுவைத் துறையில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரா என்று கேட்டறிய உங்களுக்கு உரிமை உண்டு.

அறுவைக்கு முன்

இது உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சையன்று. எடை நிலைபெற்ற பின்னரே அறுவையைப் பற்றிப் பேசுவது முறை. மேலும் பத்துக் கிலோ குறைக்கத் திட்டமிட்டிருப்பவர் அதை முடித்துவிட்டு வருவதே நல்லது. இல்லையேல் இன்று இறுக்கிய தோல் நாளை மீண்டும் தளரும். எடை குறைய வாரம் ஒருமுறை செமாகுளூட்டைட் போன்ற ஊசி போட்டுக்கொள்வோர் அதைக் கட்டாயம் எங்களுக்குச் சொல்ல வேண்டும். அம்மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், வெறும் வயிறு என்று நாம் எண்ணியிருக்கும் வேளையிலும் உணவு தங்கியிருந்து, மயக்கத்தின்போது நுரையீரலுக்குள் செல்லும் ஆபத்து உண்டு.

கழுத்துக் கொழுப்பை எடுத்தால் குறட்டை நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. கழுத்துச் சுற்றளவு ஆண்களுக்கு 43 செ.மீ., பெண்களுக்கு 41 செ.மீ. அளவை எட்டினால் உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கிறதா என்று ஐயுற வேண்டும். ஆனால் மூச்சுப் பாதையை நெருக்குவது நாக்கிலும் தொண்டையின் உட்சுவரிலும் சேர்ந்த கொழுப்பு. நாங்கள் அகற்றுவதோ தோலுக்கு அடியில் உள்ளது. ஆகவே குறட்டையும் பகல் உறக்கமும் உள்ளவர்க்கு உறக்க ஆய்வே முதலில். அந்நோய் அறியப்படாமலே மயக்க மருந்து பெறுவது ஆபத்தானது.

புகைபிடிப்போர் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்தியாக வேண்டும். நிக்கோட்டின் தோலின் நுண்குழாய்களைச் சுருக்குவதால், உரித்து உயர்த்திய தோல் கறுத்து அழுகிவிடக் கூடும். ஆஸ்பிரின் முதலிய இரத்தம் உறையாமை மருந்துகளை, இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தியவர் தாமாக நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரின் எழுத்துபூர்வமான கருத்தை நாங்களே கேட்டுப் பெறுவோம். சித்த, ஆயுர்வேத மருந்துகள், மீன் எண்ணெய் மாத்திரைகள் உட்பட உண்பவை அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்தவரா என்றும் கேட்போம். அத்தகையவருக்குக் காதைச் சுற்றிக் கீறும் அறுவையில் தழும்பே புதிய மனக்குறையாகிவிடும்.

உடனிருப்போர் கவனத்துக்கு

இப்பகுதியை, அறுவை நடந்த இரவில் நோயாளியின் அருகில் இருக்கப் போகிறவர் படிக்க வேண்டும். தோலை விரிவாக உயர்த்திச் செய்யும் கழுத்தறுவையில் அடிக்கடி நேரும் சிக்கல், தோலுக்கு அடியில் இரத்தம் தேங்குவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் இது நேரும். ஆண்களுக்கும் இரத்த அழுத்தம் உடையவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். லைப்போசக்ஷன் மட்டும் செய்தவர்களுக்கு அரிது. அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. இரத்தம் வேகமாகத் தேங்கினால் மூச்சுக்குழாயையே நெருக்கிவிடும். அதனால்தான் முழுக் கழுத்தறுவைக்குப் பின் அன்றே வீடு செல்ல வேண்டுமென்று வற்புறுத்துவோருக்கு நாங்கள் இணங்குவதில்லை.

இருபுறமும் சமமான வீக்கமும் இழுத்துப் பிடித்தாற்போன்ற உணர்வும் இயல்பானவை. ஒருபுறம் மட்டும் விரைந்து வீங்குவது, ஒருபுறம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போவது, தோல் ஊதா நிறமாகி இறுகுவது, குரல் மாறுவது, எச்சில் விழுங்க முடியாமை, படுத்தால் மூச்சு முட்டுவது ஆகியவை இயல்பானவையல்ல. இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் வலி மாத்திரை கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையில் இருந்தால் செவிலியரை உடனே அழையுங்கள். வீட்டில் இருந்தால் கழுத்துப் பட்டையைத் தளர்த்தி, நோயாளியைச் சாய்ந்து உட்காரவைத்து, அந்நேரமே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். இறுக்கிக் கட்டினால் வீக்கம் அடங்கும் என்று எண்ணி மேலும் இறுக்குவது பெருந்தீங்கு.

தலைக்கு மட்டும் இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கினால் தாடை மார்பில் இடிக்கும், கழுத்து மடியும். முதுகிலிருந்தே சாய்வாக உயர்த்திப் படுக்க வையுங்கள். வாந்தி, இருமல், மலம் கழிக்கையில் முக்குதல் ஆகியவை கழுத்தில் அழுத்தத்தைக் கூட்டும் என்பதால் அவற்றுக்கான மருந்துகளைத் தவறாமல் கொடுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை ஒரு வேளையும் விட்டுவிடாதீர்கள். நலம் விசாரிக்க வரும் உறவினர் கூட்டத்தைச் சில நாள் தள்ளிவைப்பது நலம். பேச்சும் சிரிப்பும் புண்ணுக்கு ஓய்வு தரா.

பின்வரும் வாரங்களில் உடனிருப்போரின் பணி பெரும்பாலும் மனத்தைத் தேற்றுவதுதான். அழுத்தப் பட்டையை முதல் வாரம் ஏறத்தாழ நாள் முழுவதும், அதன்பின் சில வாரங்கள் இரவில் மட்டும் அணியச் சொல்கிறோம். நம் ஊர் வெயிலில் அது எளிதன்று. அடியில் மெல்லிய பருத்தித் துணி வைத்துக்கொள்ளலாம். காதுமடலும் தாடையடியும் மரத்திருப்பது வாரக்கணக்கிலும் சிலருக்கு மாதக்கணக்கிலும் நீடிக்கும். ஆண்கள் சவரம் செய்கையில் வெட்டுப்பட்டாலும் உணர மாட்டார்கள் என்பதால் கவனம் வேண்டும். கீழுதட்டை இறக்கும் நரம்பு தாடை விளிம்பை ஒட்டியே செல்கிறது. அது அதிர்ச்சியுற்றால் சிரிக்கும்போது உதடு ஒருபுறம் கோணும். இக்குறை பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ நீங்கிவிடுகிறது. முதல் மாதத்தில் கழுத்து முன்னைவிடப் பருத்துத் தோன்றுவதும் உண்டு. கண்ணாடி முன் நின்று கலங்குவோரிடம், இறுதி வடிவத்தைக் காண மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் என்பதை நினைவூட்டுங்கள். கைபேசியைத் தாழ்வாகப் பிடித்து, குனிந்து எடுத்த படத்தில் எந்தக் கழுத்துமே நன்றாகத் தோன்றாது.

அழகியல் நோக்கில் மட்டும் செய்யப்படும் அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பொருந்தாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்பு வேறு வகை. ஆகவே கடன் வாங்கிச் செய்ய எண்ணுவோர், சிக்கல் நேர்ந்தால் ஆகும் கூடுதல் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இருபது வயதைச் சற்றே கடந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள் என்பதற்காக வரும்போது, அவர்களோடு தனியே பேசிய பின்னரே மேற்கொண்டு செல்கிறோம்.

முதல் சந்திப்பிலேயே அறுவைக்கு நாள் குறிக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. சோதனை முடிவுகளோடு இரண்டாம் முறை வரும்போது, அறுவை நடந்த இரவில் உங்கள் அருகே விழித்திருக்கப் போகிறவரையும் உடன் அழைத்து வாருங்கள். எதைக் கவனிக்க வேண்டும், யாரை எப்போது அழைக்க வேண்டும் என்பதை அவரிடம் நேரில் விளக்குவோம்.